ஏழு குச்சி ஆண்டெனாக்கள்

புயல் கடந்த ஐந்தாம் நாள் காலை, தணிகாசலம் தம்மிடமிருந்த ஏழு குச்சி ஆண்டெனாக்களையும் பள்ளிக்கூட பெஞ்சில் பரப்பி வைத்துவிட்டுக் கேட்டார்.

"டீச்சர், இதுல எது நல்லது?"

ஜெசிந்தா கடுங்காப்பியை ஊதிக்கொண்டிருந்தார். 

ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்தெட்டு. மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளின் ஒயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்ப்பவர். தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அமெச்சூர் ரேடியோ உரிமம் எடுத்தவர். பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தது ஜெசிந்தாதான். "பத்தாவதுல ரெண்டு தடவை கோட்டை விட்டவளைப் போய் டீச்சர்ங்கிறீங்களே சார்" என்று முதல் நாளே சிரித்திருந்தார். தணிகாசலம் அப்படிக் கூப்பிடுவதை மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது சிரிக்க இருவருக்குமே தெம்பில்லை.

செல்போன் கோபுரங்கள் சாய்ந்து கிடந்தன. பள்ளியின் மாடி வகுப்பறையில் இரண்டு செட்டுகள் ஓடின. ஒன்று தணிகாசலத்தின் கைச்செட்டோடு பேசும். மற்றது கடலில் இருக்கும் படகுகளோடு பேசும். கழிமுகத்துக்கு அப்பால் நரியன்திட்டு என்ற தீவின் வடகோடியில் ஒரு விசைப்படகு தரைதட்டிக் கிடந்தது. திட்டிலிருந்து வரும் செய்தியெல்லாம் அந்தப் படகின் வழியாகத்தான்.

முந்தின நாள் வந்த செய்தி இது. தேன்மொழி என்ற பெண்ணுக்கு வலி கண்டிருக்கிறது. தலைப்பிரசவம்.

படகோட்டி சவேரியின் படகு போனது. தணிகாசலமும் போனார். திட்டின் தெற்குத் துறையில் அவளுக்காகக் காத்திருந்தார்கள். ஆனால் தெற்கே வரும் பாதை உடைந்திருந்ததால் அவளை வடக்கே தூக்கிப் போனார்கள். படகு வடக்கே சுற்றி வரட்டும் என்று விசைப்படகுக்காரர்கள் ஜெசிந்தாவிடம் சொன்னார்கள். ஜெசிந்தா தணிகாசலத்தைக் கூப்பிட்டார். தணிகாசலம் பதில் தரவில்லை. நீர் வற்றத் தொடங்கியதும் படகு வேறு பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டது.

அவள் இன்னும் திட்டில்தான் இருக்கிறாள். படகு பத்தரைக்கு மறுபடி போகிறது. விசைப்படகின் பேட்டரி இன்னும் ஒரு தடவை பேசத்தான் தாங்கும் என்று காலையில் சொல்லிவிட்டார்கள். இன்று அவளை எந்தப் பக்கம் தூக்கி வருவார்கள் என்பது அந்தப் பேச்சில்தான் தெரியும்.

"நேத்து நீங்க கூப்பிட்டது எனக்கு எட்டல" என்றார் தணிகாசலம். "ஆண்டெனா பத்தல. அதான் கேக்கறேன்."

ஜெசிந்தா குறிப்பேட்டைத் திருப்பினார்.

"பதினொண்ணு நாப்பத்திரெண்டு. நாப்பத்திநாலு. நாப்பத்தேழு. மூணு தடவை கூப்பிட்டிருக்கேன்."

"ஆமாம்."

"அப்ப எது மாட்டியிருந்தது?"

தணிகாசலம் பெஞ்சைப் பார்த்தார். அவருடைய விரல் நடுவிலிருந்த ஒன்றைத் தொட்டது. இழுத்தால் ஒரு மீட்டர் நீளும்.

"இது."

"சரி."

குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு ஜெசிந்தா மறுபடி காப்பியை எடுத்தார். அது ஆறிப்போயிருந்தது.

தணிகாசலம் தொடர்ந்தார். "இது நல்லா இழுக்கும் டீச்சர், இல்லேங்கல. ஆனா காத்துல ஆடி ஆடி செட்டோட கழுத்தையே முறிச்சிடும் போல இருக்கு. இந்தக் காந்த அடி வச்சது கார் கூரைல பிரமாதம்."

"சவேரி படகு ஃபைபர்."

"ஆமாம். ஒட்டல. உருண்டு தண்ணில விழப் பாத்துது. அப்புறம் இந்த ரப்பர் கட்டை. சட்டைப்பைக்குள்ள அடங்கும். அடங்கி என்ன, எதிர் வீட்டுக்கே கேக்காது. இதோ இத வாங்கறதுக்கு மூணு மாசம் விசாரிச்சேன்..."

"சார்."

"சொல்லுங்க."

"மணி ஒம்பதே முக்கால்."

"அதான் டீச்சர். எது நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

ஜெசிந்தா எழுந்து வந்தார். ஓரத்தில் கிடந்த ஒன்றை எடுத்தார். முழ நீளத்தில் சாதாரணக் கம்பி. வளைத்தால் தானாக நிமிரும். அதைச் செட்டில் வைத்துத் திருகினார். மேசையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்தார். ஆண்டெனாவும் செட்டும் சேரும் இடத்தில் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார். உருளை தீர்ந்துபோய் அட்டை வளையம் கையில் மிஞ்சியது. கழுத்து எலுமிச்சம்பழம் அளவுக்குப் பருத்திருந்தது.

"இதுவா? இது ரொம்பச் சாதாரணமாச்சே" என்றார் தணிகாசலம்.

ஜெசிந்தா முழ நீள ஒயர் ஒன்றை வெட்டினார். அதன் ஒரு முனையைச் செட்டின் இடுப்பில் இருந்த திருகாணியில் முடிந்து, மறுமுனையை, சிக்னலுக்குத் துணையாக, வால் போலத் தொங்கவிட்டார்.

"இரைச்சல் வரும் டீச்சர்."

"வரட்டும்."

"பாதி வார்த்தைதான் கேக்கும்."

"பாதியைக் கேளுங்க. மீதியை நான் திரும்பச் சொல்றேன்."

மற்ற ஆறையும் பழைய செய்தித்தாளில் சுருட்டினார். விடைத்தாள் கட்டுகள் இருந்த பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

துறையில் சவேரி படகிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். ஐந்து நாள் தாடி.

"என்ன சார், இன்னைக்கு ஒரே ஒரு தூண்டில்தானா? நேத்து கடையே போட்டீங்க."

"டீச்சர் பிடுங்கி வச்சுட்டாங்க."

"புண்ணியவதி. நேத்து நீங்க சேத்துல எதையோ தேடறேன்னு என் காலைத்தான் ரெண்டு தடவை மிதிச்சீங்க."

தணிகாசலம் சிரிக்கவில்லை. ஏறி உட்கார்ந்தார்.

கழிமுகத்தில் கூரைத் தகடுகளும் செத்த ஆடுகளும் மிதந்தன.  பேசுவதற்கு இருந்ததையெல்லாம் இருவரும் நான்கு நாளில் பேசித் தீர்த்திருந்தார்கள்.

தெற்குத் துறையை அடைந்தபோது பதினொன்றே கால். யாரும் இல்லை. தணிகாசலம் இறங்கி, நேற்று நின்ற இடத்திலேயே நின்றார். காத்திருந்தார்.

நேற்றும் இங்கே கொஞ்சம் கேட்டது. கொஞ்சம் கேட்டதுதான் வினையாகிவிட்டது. இன்னும் தெளிவாகக் கேட்கட்டும் என்று மூன்றாவதைக் கழற்றி நான்காவதை மாட்டப் போனார். கழற்றும்முன் செட்டை அணைக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தார். அணைத்தார். ஆண்டெனாவையும் செட்டையும் இணைக்கும் சிறிய பித்தளைத் துண்டு விரல் நுனியிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. குனிந்து, தேடி, எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, மாட்டி, செட்டைப் போட்டபோது பதினொன்று நாற்பத்தொன்பது.

எல்லாம் துல்லியமாகக் கேட்டது. ஆனால் யாரும் பேசவில்லை.

இப்போது செட்டு கரகரத்தது.

"...காசலம் சார்... கூடம்..."

"சொல்லுங்க டீச்சர்! பாதிதான் கேக்குது."

"...க்கு வாங்க... கதவு..."

அவருடைய கட்டைவிரல் தானாகவே கழுத்துக்குப் போனது. டேப் அப்போது தூறிய மழையில் வழுக்கியது. நகத்தை வைத்துப் பார்த்தார். முனை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. விட்டுவிட்டார்.

விழுந்து கிடந்த பனையின் மேல் ஏறினார். செட்டைத் தலைக்கு மேலே தூக்கி, நேராகப் பிடித்தார். ஒயர் வால் அவர் முகத்தின் முன்னே ஆடியது.

"திரும்பச் சொல்லுங்க."

"...வட... சுத்தி..."

"இன்னொரு தடவை."

"...சுத்தி... சார்..."

"வடக்கா? வடக்குன்னா பேச வேண்டாம். பட்டனை ரெண்டு தடவை அமுக்குங்க."

இரைச்சல் ஒருமுறை அறுந்தது. இன்னொரு முறை அறுந்தது.

"கதவுல வச்சுத் தூக்கிட்டு வர்றாங்களா?"

மறுபடி இரண்டு.

"வடக்கே போறோம் டீச்சர். நீங்க பேசிக்கிட்டே இருங்க. கேட்டாலும் கேக்காட்டியும் பேசுங்க."

கீழே சவேரி துடுப்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

"நீர் இறங்க ஆரம்பிச்சாச்சு சார். வடக்க சுத்தினா அடி தட்டும்."

"தட்டினா தள்ளுவோம்."

"யாரு, நீங்களா?"

"நானும்தான்."

இரண்டு இடத்தில் தட்டியது. இரண்டு இடத்திலும் இறங்கித் தள்ளினார்கள். முழங்கால் வரை சேறு. தணிகாசலம் செட்டின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு தள்ளினார். அது விடாமல் கரகரத்துக்கொண்டிருந்தது. நடுநடுவே ஒரு சொல் முழுதாக வந்தது.

வடகோடியில் நான்கு பேர் ஒரு கதவைச் சுமந்து இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். கதவின் மேல் தேன்மொழி. துண்டின் முனையைக் கடித்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் எதையும் பார்க்கவில்லை.

கூட வந்த மாமியார் படகில் ஏறி, மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தணிகாசலத்திடம், பஸ் வராததைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார்.

"நேத்தும் இங்கதான் நின்னோம் ஐயா. பொழுது சாயுற வரைக்கும் நின்னோம்."

தணிகாசலம் கையில் இருந்த செட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கரையிலிருந்து டிராக்டர். பாலத்துக்கு அப்பால் ஆம்புலன்ஸ். அதில் இருந்த நர்ஸ் தேன்மொழியின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். வண்டிக் கதவைச் சாத்தினார்.

மாலை ஐந்தரைக்கு நகரத்து ஆஸ்பத்திரி வாசலில் இருந்த ரேடியோக்காரர் பேசினார். தாய் நலம். பெண் குழந்தை. பிறந்து வெகுநேரம் கழித்துத்தான் அழுதது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நாளைதான் எதுவும் சொல்ல முடியும்.

ஜெசிந்தா குறிப்பேட்டில் நேரத்தை எழுதினார்.

தணிகாசலம் எதிரே, சிறுபிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். சேறு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"டீச்சர்."

"ம்."

"நேத்து அந்த நேரத்துக்கு எதுவும் மாட்டியிருக்கல."

பேனா நின்றது.

"காலைல பொய் சொன்னேன். செட்டு அணைஞ்சிருந்தது. இன்னும் நல்லா கேக்கட்டும்னு மாத்திக்கிட்டிருந்தேன். ஏழு நிமிஷம்."

ஜெசிந்தா பாதியில் விட்ட வரியை முடித்தார். குறிப்பேட்டை மூடவில்லை. முந்தின நாள் பக்கத்துக்குத் திருப்பி அவர் முன்னால் வைத்து, பேனாவையும் வைத்தார்.

தணிகாசலம் நாற்பத்திரண்டு, நாற்பத்திநான்கு, நாற்பத்தேழு மூன்றுக்கும் நேரே 'செட்டு அணைந்திருந்தது' என்று எழுதினார்.  எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டார்.

ஜெசிந்தா இடுப்பிலிருந்த பீரோ சாவியை எடுத்து குறிப்பேட்டின் மேல் வைத்தார். தணிகாசலம் அதை எடுக்கவில்லை. 

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா டீச்சர்? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க சார்."

"அந்த ஏழுல எதை மாட்டியிருந்தா நேத்து கேட்டிருக்கும்?"

ஜெசிந்தா கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"எதை மாட்டியிருந்தாலும் சார்."