பிரதானி பட்டினி போட்ட தட்டைப்பயறு

கொடுங்கல் நாட்டை உத்தமகேசரி என்ற ராஜா ஆண்டான். உழுதது வேறு ஆட்கள். அவன் சபையில் நக்கன் என்று ஒரு விகடகவி இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். குடிகள் சிரிக்காமல் பார்த்துக்கொள்வது பிரதானி திருமேனியப்பரின் உத்தியோகம்.

ஒருநாள் அரண்மனைத் தோட்டத்தில் உலாவும்போது, பிடுங்கிக் கிடந்த ஒரு தட்டைப்பயற்றுச் செடியை ராஜா பார்த்தான். வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள். செடிக்கு அம்மை வார்த்திருக்கிறதா என்று கேட்டான். நக்கன் ஒரு முடிச்சை நகத்தால் கீறிக் காட்டினான். உள்ளே ரத்தச் சிவப்பு. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதற்குள் குடியிருக்கின்றன, காற்றைப் பிடித்து எருவாக்கிச் செடிக்குக் கொடுக்கின்றன என்று விளக்கினான்.

கூலி கேட்காத வேலைக்காரர்கள் என்றால் எந்த ராஜாவுக்குத்தான் பிடிக்காது? அவர்களை உற்சாகப்படுத்த வேண்டுமென்று, தோட்டத்தின் ஒரு பாதியில் மாட்டுத் தொழுவத்துச் சாணத்தையெல்லாம் கொட்டிப் பயறு விதைக்கச் சொன்னான். மறுபாதியில் எரு இல்லாமல் விதைத்தார்கள். சாணம் போட்ட செடி தளதளவென்று வந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் மொழுமொழுவென்று இருந்தது. தேடினாலும் முடிச்சு அகப்படவில்லை. எரு போடாத பாதியில்தான் வேர் முழுக்க முடிச்சு.

"எங்கே போனார்கள் என் வேலைக்காரர்கள்?" என்றான் ராஜா.

"எரு குவிந்து கிடக்கிற இடத்தில் அவர்கள் ஏன் எரு செய்ய வேண்டும், மகாராஜா? காற்றை எருவாக்குவது முதுகு ஒடிகிற வேலை. மண்ணில் பற்றாக்குறை இருந்தால்தான் அதில் இறங்குவார்கள்" என்றான் நக்கன்.

பிரதானி இதற்காகவே காத்திருந்தவர்போல முன்னால் வந்தார். குடிகளும் இதே ஜாதிதான் என்றார். குதிரில் நெல் இருக்கிற திமிரில்தான் சோம்பிக் கிடக்கிறார்கள், வரி குறைகிறது, அந்த நெல்லில் பாதியை அரண்மனைக்கு அள்ளிவிட்டால் வயிறு காய்ந்து ஓடி ஓடி உழைப்பார்கள் என்றார். அடுத்தவன் வயிற்றைப் பற்றிப் பேசும்போது சாப்பிட்டு எழுந்தவனுக்குத்தான் எத்தனை ஞானம். இந்த மாதிரி யோசனை ராஜாக்களுக்கும் சட்டென்று புரிந்துவிடும். உத்தமகேசரி தலையாட்டினான். நெல் ஏற்றிவரும் வண்டிகளின் அச்சுக்கு மை போடச் சொல்லி ஆள் போயிற்று. அந்த நெல் போனால் ஊர்களில் கஞ்சிக்கும் வழியில்லை, விதைக்கும் வழியில்லை.

நக்கன் கைகட்டி நின்றான். பிரதானியாரின் யோசனை அருமை என்றான். ஆனால் கிருமியைப் பார்த்துப் பிறந்த யோசனையை முதலில் கிருமியிடமே நடத்திப் பார்த்துவிடலாமே என்றான்.

"மண்ணுக்குள் இருப்பதை எப்படியய்யா பட்டினி போடுவது?" என்று பிரதானி முறைத்தார்.

"இலை வெயிலில் இனிப்புச் சாறு காய்ச்சி வேருக்கு அனுப்புகிறது. அதுதான் அவர்களுக்குக் கஞ்சி. எரு போடாத பாதியில் இலையை உருவிவிடுங்கள். கஞ்சி நின்றுபோகும்."

ராஜா சம்மதித்தான். வண்டிகள் அதுவரை நிற்கட்டும் என்றான். பிரதானி வேறு யாரையும் நம்பவில்லை. தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு தாமே குனிந்து இலை உருவினார். துளிர்க்கத் துளிர்க்க உருவினார். பிறர் வாயிலிருந்து பிடுங்குகிற வேலையில் அவருக்கு எப்போதுமே களைப்பு வந்ததில்லை.

சில நாள் கழித்து ராஜா முன்னிலையில் செடியைப் பிடுங்கினார்கள். முடிச்சுகள் சுருங்கிக் கிடந்தன. பிரதானி ஒன்றைக் கீறினார். சிவப்பைக் காணோம். பாசி பிடித்த பச்சை. இன்னொன்றைக் கீறினார். அது வெறும் கூடு. அவர் மூன்றாவதை எடுக்கவில்லை.

ராஜா குழம்பிப்போனான். "எரு கொடுத்தாலும் வேலை நிற்கிறது. கஞ்சியை நிறுத்தினாலும் வேலை நிற்கிறது. இவர்களுக்கு என்னதான் வேண்டும்?"

"அவர்கள் இரண்டைப் பார்க்கிறார்கள், மகாராஜா. வயிற்றில் கஞ்சி இருக்கிறதா? மண்ணில் தேவை இருக்கிறதா? இரண்டும் இருந்தால் யாரும் ஏவாமலே வேலை நடக்கும். எரு அவர்கள் செய்கிற பொருள். கஞ்சி அவர்கள் குடிக்கிற பொருள். பிரதானியார் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிட்டார். குடியானவன் குதிரில் இருப்பது எரு இல்லை, அவன் கஞ்சி. அதில் கைவைத்தால் வருகிற வருஷம் அரண்மனைக்கு இந்தக் கூடுதான் வந்து சேரும்."

ராஜா அந்தக் கூட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பார்த்தான். தூளாகிப் போனது. வண்டிமாடுகளை அவிழ்த்துவிடச் சொன்னான். குதிர் நெல்லை யாரும் தொடக்கூடாது என்று அங்கேயே உத்தரவு போட்டான். பிரதானி அங்கவஸ்திரத்தால் கைப்பச்சையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ராஜாவின் பார்வை நக்கன் பக்கம் திரும்பியது. "இத்தனை விவரம் வைத்துக்கொண்டு இவ்வளவு காலமும் சபையில் நீ ஒரு யோசனைகூடச் சொன்னதில்லையே, ஏன்?"

நக்கன் பிரதானியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான்.

"மண்ணில் சாணம் குவிந்து கிடக்கும்போது யார்தான் வேலை செய்வார்கள், மகாராஜா?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பிரதானி நின்ற இடம் காலியாகியிருந்தது.