பக்கத்து வீட்டு நட்சத்திரம்

நட்சத்திரக் கதைன்னு சொன்னதும் எல்லாரும் நிமிர்ந்து உக்காந்துட்டீங்க. உங்க ராசிக்கு என்ன பலன், பொண்ணுக்கு எப்ப வரன் அமையும்னு சொல்லப்போறேன்னுதானே? ஆசையப் பாரு. இந்த நட்சத்திரத்துக்கு ராசியும் கிடையாது, கோயிலும் கிடையாது. பேசாம கேளுங்க.

ஒரு காலத்துல வடக்கு வானத்துல செம்பன்னு ஒரு நட்சத்திரம் இருந்தான். ஆள் சின்னவன், சிவப்பு, மங்கல். நம்ம சூரியனுக்குப் பக்கத்து வீடுன்னே சொல்லலாம். ஆனா பூமியில நின்னு வெறுங்கண்ணால பார்த்தா தெரியமாட்டான்.

அவனுக்கு ஒரு குணம். பேசிக்கிட்டே இருப்பான், திடீர்னு பத்திக்குவான். கொஞ்ச நேரத்துக்குப் பல மடங்கு வெளிச்சம். அப்புறம் அடங்கி, "நான் ஒண்ணுமே பண்ணலையே"ன்னு மூஞ்சிய வச்சுக்குவான்.

அந்தச் சூட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கிறது அவனை ஒட்டிச் சுத்துற ஒரே ஒரு கிரகம். தங்கச்சி முறை. பாவம், திரும்பி நிக்கவும் முடியாது. எப்பவும் ஒரே முகத்தை அண்ணன் பக்கமே காட்டிச் சுத்துற ரகம்.

அந்த முகத்தோட ஓரத்துல ஒரு குட்டை. அதுல பச்சையா பாசி பிடிச்சுது.

"அண்ணே, இது துளிர்க்கும்போதெல்லாம் நீ கருக்கிடுற. இந்தத் தடவையாவது படர்ற வரைக்கும் பொறு."

"நான் எப்பம்மா கருக்கினேன்?"

"போன தடவை."

"அது கோவம் இல்ல. தும்மல்."

"உன் தும்மல்ல என் காத்து பாதி போயிடுச்சு அண்ணே."

"சரி சரி. இனிமே வாயே திறக்கல."

கொஞ்ச காலம் நிஜமாவே சும்மா இருந்தான். பாசி கரையைத் தொட்டுது. கிரகம் மூச்சுகூட மெதுவாத்தான் விட்டுது.

அப்பத்தான் செம்பன் மெல்ல ஆரம்பிச்சான். "பூமியில ஒரு கல்யாணம் நடக்குது பாரு."

"அங்க பார்க்காத அண்ணே."

"ஐயர் மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் அருந்ததியைக் காட்டுறார். பட்டப்பகல். மேல சாமியானா. மாப்பிள்ளை 'தெரியுது'ங்கிறான். பொண்ணும் 'தெரியுது'ங்குது. போட்டோக்காரன் 'இன்னொரு தடவை பாருங்க'ங்கிறான்."

"அதுக்கென்ன இப்ப?"

"எங்கயோ தூரத்துல இருக்கறவளை, தெரியாமலே தெரியுதுன்னு தலையாட்டுறாங்க. நான் பக்கத்து வீட்டுக்காரன். என்னை ஒருத்தன், ஒரே ஒருத்தன்..."

"அண்ணே, குரல் ஏறுது."

"ஏறலையே."

"குட்டை சுடுது அண்ணே."

"நான் நிதானமாத்தான் பேசிக்கிட்டு..."

முடிக்கல. பத்திக்கிட்டான்.

அடங்கினப்போ குட்டை இருந்த இடத்துல வெடிச்ச சேறுதான் கிடந்துது. கிரகம் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போச்சு.

அந்த நேரம் பார்த்து, ஊர் ஊரா சுத்துற வால்நட்சத்திரம் ஒண்ணு பூமிப் பக்கம் போயிட்டு அந்த வழியா வந்துது. செம்பன் மறிச்சான்.

"ஏம்ப்பா, இப்பப் பத்தினேனே, பூமிக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல? இனிமேலாவது இந்தப் பக்கம் பார்ப்பாங்கல்ல?"

"இனிமேலா? நான் கிளம்பும்போதே இருக்கிற பெரிய தொலைநோக்கியெல்லாம் இந்தப் பக்கம்தான் திருப்பி வச்சிருந்தாங்க அண்ணாச்சி."

செம்பன் சந்தோஷத்துல இன்னும் சிவந்தான். "என்னையா?"

"உங்களை யாரு பார்த்தா? உங்க தங்கச்சி முகத்துல ஏதோ பச்சையாத் தெரியுதாம். ஊரே வாயைப் பொளந்து பார்த்துட்டு இருக்கு."

வால்நட்சத்திரம் குனிஞ்சு கிரகத்தோட முகத்தைத் தேடிச்சு.

"எங்க, அதைக் காணோமே?"