ஊறும் பெட்டி

பீளமேட்டில் நாலு பெண்கள் சேர்ந்திருந்த வீட்டில் சுவர்ணலதா வைத்ததுதான் சட்டம். வாடகைப் பத்திரம் அவள் பெயரில் இருந்தது, ஏசி அறையும் அவளுக்குத்தான். சாம்பார் காய்ந்த குக்கரை சிங்க்கில் போட்டுவிட்டு, "ஊறட்டும்" என்று போய்விடுவாள். அது மூன்று நாள் ஊறும். அந்த நாற்றத்துக்கு மேலே மற்ற மூன்று பேரும் தட்டு கழுவ வேண்டும்.

கடைசியாக வந்து ஹாலில் பாய் போட்டவள் பேச்சியம்மாள். தகர வேலைப் பட்டறையில் வேலை. பாத்திரத்தை ஏன் உடனே கழுவுவதில்லை என்று ஒரு நாள் சுவர்ணலதாவிடம் கேட்டேவிட்டாள்.

"பட்டறையிலதான வேலை பாக்கற? நீயே ஏதாவது செஞ்சு கொண்டா," என்றாள் சுவர்ணலதா. "என் பாத்திரமும் ஊறணும், சிங்க்கும் காலியா இருக்கணும். முடியலைன்னா எல்லாப் பாத்திரத்தையும் நீதான் கழுவணும்."

பேச்சி ஒரு நிபந்தனை போட்டாள். "செஞ்சு வச்சா, வச்ச இடத்துல இருந்து எடுக்கச் சொல்லக் கூடாது அக்கா."

"சொல்ல மாட்டேன், போ."

ஞாயிற்றுக்கிழமை பேச்சி செய்த மூடியில்லாத நாலு தகரப் பெட்டிகள், ஆளுக்கொன்றாக வந்தன. மூன்று நாளாக ஊறிய குக்கரைத் தண்ணீரோடு ஒரு பெட்டியில் இறக்கி, சுவர்ணலதாவின் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள் பேச்சி.

"அவங்கவங்க பெட்டி அவங்கவங்க படுக்கிற இடத்துல அக்கா. சிங்க் காலி. உங்க குக்கர் நல்லா ஊறட்டும்."

எடுக்கச் சொல்ல மாட்டேன் என்று சுவர்ணலதா வாக்குக் கொடுத்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் ஏசி அறை முழுக்க நாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு குக்கரை சிங்க்குக்குத் தூக்கி வந்தவள், தேய் தேயென்று தேய்த்தாள்.

பேச்சி பக்கத்தில் போய் நின்றாள்.

"அதுக்குள்ள ஊறிருச்சா அக்கா?"