பயத்தைத் தேடிய தவளை

அல்லிக் குளத்தில் பெருவாயன் என்றொரு தவளை இருந்தது. பெயர்தான் பெருவாயன், வாயைத் திறக்கவே திறக்காது. மழைக்காலத்தில் கத்துகிற தவளைக்குத்தான் பெண் கிடைக்கும். ஆனால் கத்தினால் பாம்பும் வரும். தவளை தன் வாயால் கெடும் என்று ஊரே சொல்கிறதே! இப்படிப் பயந்தே இரண்டு மழைக்காலம் வீணாகிவிட்டது. இந்த முறையும் விட்டால் கட்டைப் பிரம்மச்சாரிதான். பாவம், அதற்கு அழுகையே வந்தது.

"இந்தப் பாழும் பயம் எங்கேதான் இருக்கிறது?" என்று ஆமையிடம் போய்க் கேட்டது. ஆமை ஒரு பழைய புத்த விகாரத்தில் வளர்ந்தது. காலையில் கண்ணை மூடினால் மத்தியானம்தான் திறக்கும். கேட்டால் தியானம் என்று சொல்லும்.

"மனம் என்று நிலையான பொருள் எதுவும் கிடையாது, தம்பி. எண்ணம் வரும், போகும். பயமும் அப்படித்தான். அசையாமல் உட்கார். பயப்படுகிறவன் என்று உள்ளே ஒருவன் இருக்கிறானா, பார்."

மருதமரத்தில் இருந்த மரங்கொத்தி சிரித்தது. மூளை ஆராய்ச்சிக்கூடத்து ஜன்னலோரம் ஒரு வருஷம் குடியிருந்த மேதாவி அது. மனம் என்பது மூளையின் வேலை, பயத்துக்கு அதில் கடுகளவு இடம் உண்டு, மண்டையில் நாலு தட்டு தட்டினால் கண்டுபிடித்துவிடலாம் என்றது. அதற்கும் பெருவாயன் அசையாமல் இருக்க வேண்டுமாம்.

மண்டையைப் பிளந்தால் பயம் கண்ணுக்குத் தெரியுமா என்று ஆமை மடக்கியது. மண்டையே இல்லாமல் பயந்தவன் ஒருவனைக் காட்டும் பார்க்கலாம் என்று மரங்கொத்தி திருப்பிக் கேட்டது. நடுவில் பெருவாயன் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. தவளை அசையக் கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

"எனக்கும் அதே கருத்துதான்" என்றது ஒரு குரல். பக்கத்தில் தண்ணீர்ப் பாம்பு வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

பெருவாயன் எதையும் ஆராயவில்லை. தொண்டை கிழியக் கத்திக்கொண்டே எகிறி, குளத்து நடுவில் போய் விழுந்தது. பாம்புக்குப் பாசிதான் கிடைத்தது.

குதித்தபோது 'நான்' என்று அங்கே எவனும் இல்லை, ஜெயித்தது நானே என்றது ஆமை. காலுக்கு உத்தரவு போட்டதே மூளைதான், ஜெயித்தது நானே என்றது மரங்கொத்தி. பெருவாயன் எப்படி இருக்கிறது என்று இரண்டும் கேட்கவில்லை.

அது ஓர் அல்லி இலையில் ஏறி, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. பயம் ஒரு துளிகூடக் குறையவில்லை. அடுத்த இலையிலிருந்து ஒரு பெண் தவளை எட்டிப் பார்த்தது.

"இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்?"

மனம் இன்னதென்று தெரிந்து, பயமும் போன பிறகே வாழ்வேன் என்று உட்கார்ந்திருப்பவன் பாம்புக்கு இரையாவான். பயந்துகொண்டே குதிப்பவன் பிழைத்துக்கொள்வான்.