பத்தாவது குழந்தையின் தாய்

இதை முதலில் எனக்குச் சொன்னவள், என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்து இன்று வரி ஆலோசகராக இருக்கும் கனகவல்லி.

திருப்பூரை அடுத்த ஒரு சிறிய பனியன் நிறுவனம். வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்கென்று அதில் ஓர் அறை இருந்தது. அதை நடத்துவதற்காக நிறுவனத்துக்கு வரிச்சலுகை கிடைத்தது. குழந்தைகள் பத்துப் பேருக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு குழந்தையின் தாயும் அங்கே வேலையில் இருக்க வேண்டும். அறையில் இருந்தவர்கள் சரியாகப் பத்துப் பேர். அவர்களைப் பார்த்துக்கொண்டவள் பழனாத்தாள்.

ஒரு திங்கட்கிழமை உணவு இடைவேளையில் தையல்காரி அன்னக்கொடி அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, பாப்பாவுக்கு இருமல் மருந்து வாங்கியாறேன். அரை மணியில வந்துருவேன்.”

அடையாள அட்டை தையல் இயந்திரத்தின் மேலேயே கிடந்தது. மாலை ஆறு மணிக்கும் அவள் திரும்பவில்லை, செல்பேசி அணைந்திருந்தது. குழந்தையைப் பழனாத்தாள் தன் வீட்டுக்குத் தூக்கிச் சென்றாள்.

மறுநாள் முதலாளி நாச்சிமுத்துவிடம், “அன்னக்கொடி வரலீங்க” என்று மட்டும் சொன்னாள்.

“புருசன் இல்லாதவ. எவன்கூடவாவது போயிருப்பா, வந்துருவா. பேரை எடுத்தா ஒம்பதுதான் நிக்கும், சலுகை போயிரும். அறையை மூடினா அத்தனை புள்ளைகளும் மிசினுக்கு அடியிலதான் தவழோணும். பரவால்லியா?”

விரலில் ஊசி ஏறிய ஒரு குழந்தையைப் பழனாத்தாள் முன்பு பார்த்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டாள். அன்று முதல் வருகைப் பதிவேட்டில் அன்னக்கொடி நாள் தவறாமல் வேலைக்கு வந்தாள்.

நான்காம் நாள், அவளுடைய அண்ணன் மாயாண்டி தேனியிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். முதலாளி பதிவேட்டைப் பார்த்துப் படித்தார்.

“நாலு நாளும் வந்திருக்குதுங்க. வேலை நேரத்துல போனைக் கையில குடுக்க மாட்டோம்.”

“போன மாசம் திட்டிட்டேன், அந்தக் கோவத்துல போனை அமத்தி வச்சிருப்பா. வேலைக்கு வர்றாள்ல, போதும்யா.”

கதவருகே குழந்தையோடு நின்ற பழனாத்தாளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இடுப்பில் குழந்தை இருமியது. அவள் அதன் முதுகைத் தடவியபடி அறைக்குத் திரும்பினாள்.

ஒன்பதாம் நாள் மாயாண்டி நேரில் வந்தான். குழந்தை மாமனைக் கண்டு கை நீட்டியது.

“தங்கச்சியக் கூப்பிடுங்கம்மா.”

“அவ வந்து ஒம்போது நாளாச்சுங்க, தம்பி,” என்றாள் பழனாத்தாள்.

புகார் கொடுக்கப் போன அவனைக் காவல் நிலையத்தார் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். அந்தத் திங்கட்கிழமை லாரி மோதி, நினைவின்றிக் கிடந்த பெயர் தெரியாத பெண் ஒருத்தி ஏழாம் நாள் இறந்திருந்தாள். அவள் அன்னக்கொடிதான்.

முதலாளி பொய் சொன்னார். பழனாத்தாள் பேசாமல் நின்றாள். அண்ணன் மேற்கொண்டு விசாரிக்காமல் நம்பினான். இம்மூவரில் எவர் செய்த பிழை பெரிது?

விடை: அண்ணன் எழுத்தை நம்பினான், அது குற்றமாகாது. முதலாளி, ஓடிப்போனவளின் இடத்தை நிரப்புவதாக எண்ணிப் பொய் எழுதினார். மகளுக்கு மருந்து வாங்கப் போனவள் ஓடிப்போகமாட்டாள் என்பதை அறிந்தவள் பழனாத்தாள் ஒருத்தியே. நான்காம் நாள் அவள் வாய் திறந்திருந்தால் அண்ணன் தங்கையை உயிரோடு கண்டிருப்பான். ஆகவே அவள் பிழையே பெரிது. சட்டம் தண்டித்ததோ முதலாளியை மட்டும். அவர் மறு ஆண்டு வட்டியோடு வரித்துறைக்குத் திருப்பிச் செலுத்திய தொகை, ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூற்று முப்பது ரூபாய்.