ஆவுடைநாயகம் எடுக்காத படம்

"முப்பத்தெட்டு வருசம் படம் எடுத்து என்னத்தக் கண்டேன் டீச்சர்? கேமராவ யார்ட்டயாவது குடுத்துரலாம்னு இருக்கேன்."

தென்காசி கேமரா கிளப்பின் பங்குனிக் கூட்டம் அது. மற்றவர்கள் வசந்தப் போட்டிக்குப் படம் கொண்டுவந்திருந்தார்கள். ஆவுடைநாயகம் மட்டும் வெறுங்கையோடு வந்து நின்றார்.

ரெஜினா டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். பள்ளிக்கூடத்தில் அவர் வேதியியல் ஆசிரியை. கிளப்பில் கடைசி வார்த்தை அவருடையது. ஆவுடைநாயகத்தைவிட இருபது வயது இளையவர்தான். ஆனால் அவர் ஒரு படத்தைப் பார்த்து 'ம்' என்று சொன்னால்தான் இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். அந்த 'ம்' வருவதற்குள் பூ காயாகிவிடும் என்று கிளப்பில் கேலி செய்வார்கள்.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"வார வெள்ளிக்கிழமை உலகம்மாளுக்கு வருசத் திதி. மாட்டுததுக்கு ஒரு படம் இல்ல."

டீச்சர் கையிலிருந்த படத்தைக் கீழே வைத்தார்.

"கல்யாண ஆல்பத்தக் கரையான் தின்னுட்டு. ஆதார் அட்டைப் படத்தப் பெருசாக்கிப் பாத்தேன். யாரோ ஒரு பொம்பள முறைச்சிட்டு இருக்கா. எம் பொண்டாட்டி இல்ல அது."

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி, கழுநீர்ப் பானையில விழுந்ததாம் துள்ளி" என்றார் பின்வரிசையில் ஒருவர், மெதுவாகத்தான்.

ஆவுடைநாயகத்துக்குக் கேட்டுவிட்டது. அவர் கோபப்படவில்லை. உள்ளதைத்தானே சொல்கிறார் மனுஷன்.

முள்ளிலவு மரம் பூக்கத் தொடங்கிவிட்டால் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. விடியுமுன்னே ஸ்கூட்டர் கிளம்பிவிடும். பின்னால் உலகம்மாள். மடியில் புளியோதரைத் தூக்கு, கக்கத்தில் குடை, தோளில் கேமரா முக்காலி. பெயர் தெரியாத குருவிக்கெல்லாம் வழியிலேயே பெயர் வைத்துக்கொண்டு வருவாள். ஒரு குருவிக்கு அவருடைய ஆபீசர் பெயரையே வைத்தாள். நாள் முழுக்கக் கத்தும், வேலை ஒன்றும் நடக்காது என்று காரணமும் சொன்னாள். சிரித்துச் சிரித்து வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாகிவிட்டது. அதெல்லாம் என்ன காலம்!

மாம்பூ வாசத்தில் இறங்கி நிற்பார்கள். அவர் கேமராவைக் கண்ணில் வைப்பார்.

"உலகு, கொஞ்சம் ஒதுங்கு. பூவ மறைக்கியே."

ஒதுங்குவாள். அவர் பூவை எடுப்பார்.

அந்தப் பூவெல்லாம் மறுவருஷமும் பூத்தது.

"டிஜிட்டல் கேமராவுல இல்லையா?" என்று கேட்டார் டீச்சர்.

"அவ குறுக்க வந்து விழுந்த படத்த அன்னன்னைக்கே அழிச்சிருவேன். பாவி நான்."

"பழைய நெகட்டிவ்?"

"ரொட்டி டப்பா நிறைய கெடக்கு. நல்லதெல்லாம் பிரிண்ட் போட்டாச்சு டீச்சர்."

"நல்லத நான் கேக்கல. டப்பாவக் கொண்டாங்க."

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போகும்போது அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வயிற்றெரிச்சலைக் கொட்டினால் வீட்டுப்பாடம் கொடுக்கிறாரே இந்த அம்மா! இருந்தாலும் போனார். டப்பாவோடு திரும்பியபோது கூட்டம் கலைந்திருந்தது.

பிலிம் ரோல் ஒவ்வொன்றையும் ஆறாறு படமாக வெட்டிக் காகித உறையில் போட்டு, மேலே வருஷம் எழுதி வைத்திருந்தார். டீச்சர் ஒவ்வோர் உறையிலிருந்தும் முதல் துண்டை மட்டும் உருவினார். ஜன்னல் கண்ணாடியில் வரிசையாக ஒட்டினார்.

"பரிசு வாங்குன படமெல்லாம் நடுத்துண்டுல இருக்கும் டீச்சர்."

டீச்சர் ஒட்டிக்கொண்டே போனார். அறுபத்தொரு துண்டு. கண்ணாடி முழுக்க நிறைந்துவிட்டது.

பிறகு ஒரு துண்டின் நுனியைத் தன் போனில் படமெடுத்தார். நிறத்தைத் திருப்பிப் போட்டார். நீட்டினார்.

படத்தில் பாதி வெளிச்சம் பட்டு வெந்து போயிருந்தது. மீதிப் பாதியில் உலகம்மாள் நின்றாள்.

இருபத்தைந்து வயது இருக்கும். பின்னால் மாமரம். வாய் லேசாகத் திறந்திருந்தது. 'ஆச்சா?' என்று கேட்கிறாள். அது அவருக்குக் காதில் விழுந்தது.

டீச்சர் அடுத்ததைக் காட்டினார். தூக்குவாளி மூடி திறக்கவில்லை, மல்லுக்கட்டுகிறாள். அடுத்தது. காலில் எறும்பு ஏறிவிட்டது, சேலையை உதறுகிறாள். அடுத்தது. காதோரம் நரை. கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ஆவுடைநாயகம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இது... இது வேஸ்ட் படம்லா டீச்சர்."

"அப்படியா?"

"ஆமா. புது பிலிம் போட்டா மொத ரெண்டு வெளிச்சம் பட்டு வீணாப் போயிரும். அதுக்காவ கேமராவ எங்கயாவது காட்டிச் சும்மா ரெண்டு தட்டு தட்டி விட்டுட்டுத்தான் ஒண்ணாம் நம்பர்லேருந்து எடுப்போம். லேப்ல அத பிரிண்ட்கூடப் போட மாட்டான். நானும் திரும்பிப் பாத்ததில்ல."

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நிதானமாகப் பார்த்தார். அறுபத்தொரு நுனியிலும் உலகம்மாள்தான் நின்றாள்.

"எங்கயாவதா அண்ணாச்சி?"