சாமிக்கு எடை கேட்ட பாவாயி அம்மையார்

சேவலாங்குன்றின் அடிவாரத்தில், மலைப்பாதை தொடங்கும் இடத்துக்கு எதிரே ஒரு வண்டிப் பட்டறை இருந்தது. கழற்றிப் போட்ட சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து அடுக்குவது அங்கே பாவாயி அம்மையாரின் வேலை. காலையில் பட்டறையைத் திறந்ததும் குன்றை நோக்கிக் கும்பிடுவார். பிறகு தகரத் தொட்டியின் முன் உட்கார்ந்தாரென்றால், ஒவ்வொரு நட்டைத் தேய்க்கும்போதும் வாய் ‘முருகா’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கிரீஸ் படிந்த சேலையோடு சன்னதிக்குப் போகக் கூசுவார். கிருத்திகைதோறும் குளித்து, இருந்த ஒரே மாற்றுச்சேலையை உடுத்திப் படியேறி, கூட்டத்தின் கடைசியில் நின்று தரிசித்துவிட்டு வருவார்.

அவருடைய கணவர் மலைக்கு வேன் ஓட்டியவர். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், இறக்கத்தில் அந்த வேன் பள்ளத்தில் விழுந்து அவர் இறந்துபோனார். பின்சக்கர இணைப்பில் ஒரு போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. “தினமும் சாமி மலைக்கே ஓட்டினவனை அந்தச் சாமி காப்பாத்தலையே” என்று அம்மையாரின் காதுபடவே சிலர் பேசினார்கள்.

“முறுக்காம வுட்டது மனுசன் கைங்க. அதுக்குச் சாமி என்ன பண்ணும்?” என்றார் அவர்.

காரியம் முடிந்த மறுவாரமே பட்டறைக்கு வந்து வேலை கேட்டார். மலையேறும் வண்டி எதிலும் தம் கண்ணுக்குத் தப்பி ஒரு போல்ட்கூடத் தளர்ந்திருக்கக் கூடாது என்பதை விரதமாகவே எடுத்துக்கொண்டார். கழுவ வந்தவர் கழற்றவும் பூட்டவும் கற்றுக்கொண்டார். மேஸ்திரி வேலையை முடித்த பிறகும் வண்டிக்கடியில் நுழைந்து ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்பார். “அம்மா பூசை பண்ணப் போயிருச்சு” என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அந்த ஆண்டு கார்த்திகை மழையில் குன்றின் படிப்பாதை இடிந்துபோயிற்று. தைப்பூசத்துக்கு உற்சவர் பல்லக்கில் அடிவார மண்டபத்துக்கு இறங்கி வர வழியில்லை. கோயிலின் பழைய காரில் எழுந்தருளச் செய்வது என்று முடிவாயிற்று. அந்தக் காரோ பள்ளத்தில் இறங்கினால் பின்னால் ‘டக், டக்’ என்று அடிக்கும். வளைவில் திரும்பினால் பின்பக்கம் ஆடும். புதுச் சாமான்கள் வந்துசேர்ந்து, பூசத்துக்கு முதல்நாள் காலை கார் பட்டறைக்கு வந்தபோது, மேஸ்திரி முதுகு பிடித்துப் படுக்கையில் கிடந்தார். “பாவாயி பண்ணும். என்னைவிட நல்லாவே பண்ணும்” என்று சொல்லியனுப்பிவிட்டார்.

கோயில் அறங்காவலர் சென்னியப்பனுக்கு அது பிடிக்கவில்லை. “சாமான் கழுவுற பொம்பளை கையில சாமி வண்டியைக் குடுக்கறதா?” என்றார்.

“கழுவுற கைக்குத்தானுங்க எது தேஞ்சிருக்குதுன்னு தெரியும்” என்றார் அம்மையார். வேறு ஆள் தேட நேரமில்லாததால் அறங்காவலர் முனகிக்கொண்டே போனார்.

பட்டறைக் குழியின் மேல் காரைத் தூக்கி நிறுத்தி, பின்சக்கரங்களை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கைகளை அம்மையார் கழற்றினார். மூட்டுகளில் இருந்த ரப்பர் புஷ்கள் நைந்து, சில விரலால் தொட்டதும் உதிர்ந்தன. புதியவற்றைப் பதமாக அழுத்தி ஏற்றினார். இரும்புக் கைகளை மறுபடி தொங்கவிட்டு, போல்ட்டுகளைக் கோத்து, நட்டுகளை லேசாக மட்டும் திருகினார். சுருள்வில்களை அவற்றின் கிண்ணங்களில் உட்காரவைத்து, ஜாக்கியால் அச்சைத் தூக்கி, சாக் அப்சார்பர்களை மாட்டினார். மதியச் சோறு தூக்கிலேயே ஆறிப்போயிற்று.

சக்கரங்களையும் மாட்டிக் காரைத் தரையில் இறக்கும்போது, சபேச குருக்களோடு அறங்காவலர் திரும்பி வந்தார். “இன்னும் முறுக்கலியா? அப்பறம் எதுக்குக் கீழ எறக்கறே?”

“தூக்கி நிறுத்தி முறுக்குனா, பாரம் ஏறுனதும் ரப்பர் திருகிக்குமுங்க. சீக்கிரமே கிழிஞ்சு போயிரும். நாளைக்கு எத்தனை பாரம் ஏறுமோ அத்தனையும் வெச்சு முறுக்கோணும்.” சற்றுத் தயங்கிவிட்டு அம்மையார் கேட்டார்: “சாமி எத்தனை கிலோ இருக்குமுங்க?”

பட்டறையில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அறங்காவலரின் முகம் சிவந்தது. “என்ன பேச்சும்மா இது? உலகத்தையே தாங்கற சாமிக்கு எடை கேக்கறியா?”

“உலகத்தைத் தாங்கறவரை நாளைக்கு இந்த நாலு சக்கரம் தாங்கோணுமுங்களே.”

குருக்கள் சிரித்துவிட்டார். “பீடத்தோட முப்பத்தெட்டு கிலோம்மா. இருவது வருஷமா தூக்கறேன், எனக்குத் தெரியாதா?” என்று சொல்லி, தாமே காரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கோயில் அன்னதானத்துக்கு வந்திருந்த அரிசியில் முப்பத்தெட்டு கிலோவைக் கட்டி அவர் பக்கத்தில் வைத்தார்கள். அம்மையார் அந்த மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அறங்காவலரைப் பார்த்து, “நீங்களும் வருவீங்கல்லங்க? ஏறி உக்காருங்க” என்றார். அவரும் ஏறினார்.

அம்மையார் குழிக்குள் இறங்கினார். ஸ்பேனரை மாட்டி, உடல் பாரத்தையெல்லாம் கொடுத்து இழுத்தார். ஒவ்வொரு நட்டும் இறுகும்போது கீழிருந்து ‘முருகா’ என்ற குரல், மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்டது. கடைசி நட்டு இறுகியதும் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை பார்த்தார். குழியிலிருந்து ஏறி வந்தவர் நிமிர்ந்து நின்று, “இனி எந்தச் சாமியை வேணும்னாலும் ஏத்துங்க. தாங்கும்” என்றார்.

பூசத்தன்று காலை, மயில்பீலி சூடி உற்சவர் காரில் எழுந்தருளினார். இறக்கத்தில் ஒரு வளைவைத் திரும்பியபோது, மேலிருந்து ஒரு பாறை உருண்டு நடுப்பாதையில் விழுந்தது. டிரைவர் பதறி ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். குருக்கள் சாமியைக் கட்டிக்கொண்டார். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆனால் பின்பக்கம் ஆடவில்லை, வழுக்கவில்லை. பாறையை ஒட்டினாற்போல் சுற்றி வந்து நேரே நின்றது. சாமியின் தலையில் பீலிகூடக் கலையவில்லை. அறங்காவலர் இறங்கிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து பின்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

மண்டபத்தில் முதல் பரிவட்டம் யாருக்கு என்பதைப் பூக்கேட்டு முடிவுசெய்வது அந்தக் கோயில் வழக்கம். வெள்ளரளி ஒரு பொட்டலத்திலும் செவ்வரளி ஒரு பொட்டலத்திலும் சாமியின் காலடியில் இருக்கும். வெள்ளை வந்தால் சாமியின் சம்மதம். பல ஆண்டுகளாக அது அறங்காவலருக்கே வந்திருந்தது. அன்றும் அவர் பெயருக்கே குருக்கள் கண்ணை மூடி மூன்று முறை எடுத்தார். மூன்று முறையும் சிவப்பு. கூட்டம் முணுமுணுத்தது.

சென்னியப்பன் கைகூப்பினார். “எனக்கு இல்லீங்க சாமி. பாவாயி அம்மா பேருக்குக் கேளுங்க.”

குருக்கள் எடுத்துப் பிரித்தார். பால்போல் வெள்ளரளி. மறுபடி கேட்டார், வெள்ளை. மூன்றாவது முறையும் வெள்ளை.

அம்மையாரைக் கூட்டத்தில் தேடினார்கள், காணவில்லை. திரும்பி மலையேற வேண்டுமே என்று, வெளியே காரின் அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அழைத்துவந்தபோது கையெல்லாம் கரி. “கை கழுவிட்டு வந்தர்றனுங்க” என்று பின்வாங்கினார்.

“வேண்டாம்மா. அந்தக் கையைப் பாத்துத்தான் அவர் கூப்பிட்டிருக்கார்” என்றார் குருக்கள். ஒரு பெண்ணின் தலையில் பரிவட்டம் கட்டியது அந்தக் கோயிலில் அதுவே முதல்முறை. பட்டுத்துணியைத் தட்டில் ஏந்தி நின்றவர் அறங்காவலர். அம்மையார் சாமிக்கு எதிரே முன்வரிசையில், தலைநிமிர்ந்து, கண்ணீர் வழிய நின்றார்.

பூத்தொடுத்தவர்களையும் விளக்கேற்றியவர்களையும் சொல்லிச் சொல்லி இனித்த நாவு, நட்டு முறுக்கித் தொண்டு செய்த பாவாயி அம்மையாரின் பெயரையும் சொல்லி இனிக்கட்டும்.